உண்ணுதல் கோளாறு: கல்லூரிக் கவுன்சலரா, மருத்துவரா, டயட்டீஷியனா?

உண்ணுதல் கோளாறு உள்ள மாணவருக்குக் கைக்கெட்டும் தூரத்தில் இருப்பவர் கல்லூரிக் கவுன்சலர். பெரும்பாலும் கட்டணம் கிடையாது, வகுப்புகளுக்கு நடுவே போய்வரலாம். யாரிடமும் சொல்லாததை முதன்முதலில் வாய்விட்டுச் சொல்ல அதைவிட வசதியான இடம் இல்லை. ஆனால் பல கல்லூரிகளில் ஒருவருக்கு இத்தனை அமர்வுதான் என்று வரம்பு உண்டு. செமஸ்டர் விடுமுறையில் அதுவும் அறுந்துபோகும். முதல் சந்திப்பிலேயே மூன்று விஷயங்களைக் கேட்டுவிடுங்கள்: எத்தனை அமர்வு கிடைக்கும்? இந்தக் கோளாறுக்குச் சிகிச்சை தந்த அனுபவம் உண்டா? நான் சொல்வது எந்தச் சூழலில் வீட்டுக்கோ நிர்வாகத்துக்கோ போகும்?

கவுன்சலரால் பார்க்க முடியாதது உடம்பை. வாந்தி எடுப்பவருக்கும் பேதி மாத்திரை போடுபவருக்கும் பொட்டாசியம் இறங்கி இதயத்துடிப்பு தாறுமாறாகலாம்; எடை சரியாக இருக்கும்போதே இது நடக்கும். அதனால் அதே வாரத்தில் பொது மருத்துவரையும் பாருங்கள். "சோர்வாக இருக்கிறது" என்று மட்டும் சொன்னால் சத்து மாத்திரையோடு திரும்ப வேண்டியதுதான். சாப்பிடாமல் இருப்பது, அடங்காமல் சாப்பிடுவது, வாந்தி, மாத்திரை, அளவுக்கு மீறிய உடற்பயிற்சி என எது உண்டோ அதை, வாரத்துக்கு எத்தனை முறை என்ற கணக்கோடு எழுதிக்கொண்டு போங்கள். படுத்தும் நின்றும் எடுத்த நாடித்துடிப்பும் ரத்த அழுத்தமும், பொட்டாசியம், பாஸ்பேட், மக்னீசியம், சர்க்கரை, ஈ.சி.ஜி. இவை பார்க்கப்பட வேண்டும். முடிவுகள் சரியாக வந்தாலும் கோளாறு இல்லை என்று அர்த்தமில்லை. மனச்சோர்வுக்கு மருந்து எழுதினால் கோளாறைக் கட்டாயம் சொல்லுங்கள்; புப்ரோபியான் என்ற மருந்து, புலிமியா (அடங்காமல் சாப்பிட்டுவிட்டு வாந்தி, மாத்திரை, பட்டினி என ஈடுகட்டுவது), அனோரெக்ஸியா (எடை கூடும் பயத்தில் சாப்பாட்டைக் குறைத்து உடல் மெலிவது) உள்ளவர்களுக்கு வலிப்பு வரவைக்கும் அபாயம் கொண்டது.

பெரியவர்களுக்கு முக்கியமான சிகிச்சை, இந்தக் கோளாறுக்கென்றே வகுக்கப்பட்ட அறிவாற்றல் நடத்தைச் சிகிச்சை (சி.பி.டி.); எண்ணங்களையும் பழக்கங்களையும் மாற்றப் பழக்கும் பேச்சுவழிச் சிகிச்சை இது. எடை மிகக் குறையாதவர்களுக்கு ஏறத்தாழ 20 வாரத்தில் 20 அமர்வு. எடை குறைந்தவர்களுக்கு 40 வரை போகும். வேளை தவறாத சாப்பாடும் அன்றன்றைக்கு எழுதும் குறிப்பும்தான் இதன் முதல் வேலை. பட்டினிதான் அடுத்த அடங்காத் தீனியைக் கூட்டிவருகிறது என்பதால் அந்தச் சங்கிலியை முதலில் அறுக்கிறார்கள். பொதுவாக ஆறுதல் பேசும் அமர்வுகள் பல மாதம் ஓடியும் சாப்பாட்டுப் பேச்சே எழவில்லை என்றால் சிகிச்சையாளரை மாற்றலாம். அதில் குற்றவுணர்வு வேண்டாம்.

அவ்வளவு செலவோ காத்திருப்போ முடியாதபோது, புலிமியாவுக்கும் அடங்காத் தீனிக் கோளாறுக்கும், வழிகாட்டியோடு செய்யும் சுய உதவிப் பயிற்சி நல்ல தொடக்கம். பிரிட்டனின் 2017 வழிகாட்டுதலில் பெரியவர்களுக்கு இதுவே முதல் படி. 4 வாரத்தில் பலனில்லை என்றால் அடுத்த படிக்கு ஏறச் சொல்கிறார்கள். அனோரெக்ஸியாவுக்கு இதை நம்பி உட்காரக் கூடாது.

பெற்றோர் சாப்பாட்டுப் பொறுப்பை ஏற்கும் குடும்பச் சிகிச்சை வளரிளம் பருவத்தினருக்கு வலுவானது. விடுதியில் தங்கியிருப்பவருக்கு நடைமுறையில் சிரமம். விடுப்பு எடுத்து வீட்டுக்குப் போனால்தான் பொருந்தும்.

டயட்டீஷியன் துணைக்கு வேண்டும், தனியாகப் போதாது. எடை குறைப்புத் திட்டம் போட்டே பழகியவராக இருந்தால் கலோரி எண்ணச் சொல்லிக் காயத்தைக் கிளறிவிடுவார். ஜிம் பயிற்சியாளர் இந்தப் பட்டியலிலேயே வரமாட்டார். சக நோயாளிகளின் குழு தனிமையைக் குறைக்கும்; ஆனால் எடை, அளவு, உத்திகள் பற்றிய பேச்சுக்கு நெறியாளர் தடை போடாத குழுவில் உட்காராதீர்கள்.

மயக்கம், நெஞ்சுப் படபடப்பு, ரத்த வாந்தி, தண்ணீர்கூடத் தங்காமை, உயிரை மாய்க்கும் எண்ணம் இருந்தால் ஒப்பீட்டுக்கு நேரமில்லை, அவசரப் பிரிவுதான். பல நாள் சரியாகச் சாப்பிடாதவர் தானாகவே திடீரென நிறையச் சாப்பிட்டுச் சரிசெய்ய முயல்வதும் ஆபத்து: ரத்தத்தில் பாஸ்பேட் சரிந்து இதயம் தடுமாறும். அந்த நிலையில் சாப்பாட்டை மருத்துவமனையில், ரத்தப் பரிசோதனையோடு கூட்டுவார்கள். அதற்கான மருத்துவ விடுப்புக் கடிதத்தில் நோயின் பெயரைக் குறிப்பிடாமல் எழுதித்தர முடியுமா என்று மருத்துவரிடமே கேளுங்கள்.