லாங்டெயிலா, அவுட்போர்டா? முகத்துவாரம் தாண்டும் ஃபைபர் படகுக்கு எது தோது

ஃபைபர் படகுக்குப் புது எஞ்சின் வாங்கப் போகிறவர்கள் முதலில் கேட்பது விலை. அடுத்தது எண்ணெய்ச் செலவு. எந்த ஆற்றின் வாய் வழியாகக் கடலுக்குப் போகிறோம் என்பது கடைசியில்தான் பேச்சுக்கு வரும், சில சமயம் வரவே வராது. காவிரிப் படுகையில் அதைத்தான் முதலில் கேட்க வேண்டும் என்பது என் கட்சி. நீளத் தண்டு வைத்த லாங்டெயில், படகின் பின்விளிம்பில் வெளியே மாட்டும் அவுட்போர்டு, நல்ல ஆழத்தில் இரண்டு எஞ்சினும் ஓடிவிடும். முகத்துவாரத்து மணல் மேட்டில்தான் இரண்டின் குணமும் தெரியும்.

நம் பக்கம் ஓதத்தின், அதாவது கடல் மட்டம் தினமும் ஏறி வற்றுவதன், ஏற்ற இறக்கம் பெரிதில்லை. அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிக்கூட ஒரு மீட்டருக்குள் அடங்கிவிடும். இதற்குப் போய் என்ன பயம் என்று தோன்றலாம். ஆனால் மேட்டின் மேல் நிற்கும் தண்ணீரே ஒன்றரை மீட்டர்தான் என்றால், அதில் அரை மீட்டர் வற்றுவது பெரிய விஷயம். ஒரு மீட்டர் உயர அலை சுமார் 1.3 மீட்டர் ஆழத்துக்கு வந்ததும் உடையும். காலையில் ஏற்றத்தில் அலுங்காமல் தாண்டிய இடம் மதியம் வற்றத்தில் வெள்ளை நுரையாகக் கிடப்பது இதனால்தான். அதோடு, வற்றத்தில் ஆறு வெளியே ஓடுகிறது, அலை உள்ளே வருகிறது. இரண்டும் எதிரெதிரே முட்டும்போது அலை குறுகிச் செங்குத்தாக நிமிரும். மேட்டூர் நிரம்பி, உபரி நீர் முக்கொம்பிலிருந்து கொள்ளிடத்தில் திறந்துவிடப்படும் நாட்களில் இந்த முட்டல் இன்னும் கடுமை.

ஆக, தரை தட்டுவது ஓர் ஆபத்து, அலையில் கவிழ்வது இன்னோர் ஆபத்து. இரண்டுக்கும் ஒரே மருந்து கிடையாது.

தரை தட்டுவதற்கு லாங்டெயில் நல்ல பதில். எஞ்சின் படகுக்குள்ளேயே இருக்கிறது. நீளத் தண்டின் நுனியில் புரொப்பல்லர். தண்டு சாய்வாகப் பின்னால் நீண்டு கிடப்பதால் முழங்கால் தண்ணீரிலும் ஓட்டலாம். மணலில் தட்டினால் கைப்பிடியை அழுத்தினால் போதும், நுனி மேலே வந்துவிடும். வெள்ளக் காலத்தில் ஆற்றில் மிதந்துவரும் ஆகாயத்தாமரை சுற்றிக்கொண்டால், தூக்கிவைத்து அரிவாளால் அறுத்துவிடலாம். எஞ்சின் காற்றிலேயே குளிர்வதால் சேற்றை உறிஞ்சும் தொல்லையும் இல்லை. 2004 சுனாமிக்குப் பிறகு கரையெங்கும் ஃபைபர் படகுகள் பெருகியபோது இந்த டீசல் எஞ்சினும் கூடவே பரவியது வெறும் விலைக்காக மட்டும் இல்லை.

உடையும் அலைக்குள் போகும்போதுதான் அதன் பலவீனம் தெரியும். பெரும்பாலானவற்றில் ரிவர்ஸ் கிடையாது. முடுக்கினால் நிதானமாகத்தான் வேகம் பிடிக்கும். திருப்புவதற்கு அந்த நீளத் தண்டையே பக்கவாட்டில் தள்ள வேண்டும், ஓட்டத்தில் அதற்கு நல்ல தோள்பலம் வேண்டும். உள்ளே வரும்போது ஓர் அலையின் முதுகில் ஒட்டிக்கொண்டு, அதை முந்தாமலும் பின்னால் வரும் அலையிடம் சிக்காமலும் வர வேண்டும் அல்லவா? அந்த நேரத்தில் வேகத்தை நொடிக்கு நொடி கூட்டிக் குறைக்க வேண்டியிருக்கும். லாங்டெயில் அதற்குத் தாமதமாகவே இணங்கும். அந்தத் தாமதத்தில் பின்பக்கம் தூக்கி, படகு அலைக்குக் குறுக்கே திரும்பினால் கதை முடிந்தது.

அவுட்போர்டு இங்கேதான் காசுக்கு வேலை செய்கிறது. கை திருகிய உடனே வேகம், கியரில் நியூட்ரல், ரிவர்ஸ். ஓட்டுபவரின் மணிக்கட்டில் மாட்டும் கயிறு ஒன்று உண்டு. அவர் தூக்கி எறியப்பட்டால் எஞ்சின் தானாக அணைந்துவிடும். லாங்டெயிலில் பொதுவாக அது இல்லை. ஆள் விழுந்த பிறகும் எஞ்சின் ஓடிக்கொண்டிருந்தால், அந்தப் புரொப்பல்லர் அவரை நோக்கியே திரும்பி வரலாம். அவுட்போர்டு வைத்திருப்பவர்களில் பலர் அந்தக் கயிற்றை எஞ்சினிலேயே சுற்றிக் கட்டிவைக்கிறார்கள் என்பது வேறு விஷயம்.

அதன் பகை மணலும் சேறும். குளிர்விக்கும் தண்ணீரைப் புரொப்பல்லருக்குச் சற்று மேலே இருக்கும் துளைகள் வழியாக இழுக்கிறது. மேட்டை உழுதுகொண்டு போனால் மணலும் உள்ளே போகும், பம்ப் தேயும். எஞ்சின் ஓடும்போது மெல்லிய தாரையாக வெளியே பீய்ச்சும் தண்ணீர் நிற்கிறதா என்று பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும். தாரை நின்றால் எஞ்சின் சூடேறி நடு முகத்துவாரத்தில் நின்றுவிடும்.

சரி, ஊருக்கு வருவோம். பழையாறில் கொள்ளிடம் நேராக வங்கக் கடலில் விழுகிறது. மணலும் உண்டு, அலையும் உண்டு. தென்மேற்குப் பருவத்தில் கரையோர மணல் வடக்கே நகரும், வடகிழக்குப் பருவத்தில் தெற்கே. படகு போகும் ஆழமான வழியும் அதற்கேற்ப இடம் மாறும். போன மாதம் ஜி.பி.எஸ்ஸில் பதிந்த வழியை நம்பி இருட்டில் ஓட்டுவது இங்கே எந்த எஞ்சினுக்கும் தற்கொலைதான். இந்த ஊருக்கு என் ஓட்டு அவுட்போர்டுக்கு, எண்ணெய் விலை வயிற்றைக் கலக்கினாலும்.

நாகப்பட்டினத்தில் கடுவையாற்றின் வாய்தான் விசைப்படகுகளுக்கும் வழி. அங்கே பெரிய படகு கிளப்பும் அலையும் நெரிசலும்தான் கவலை. நியூட்ரலும் ரிவர்ஸும் உள்ள எஞ்சின் வசதி, ஆனால் பழகிய கைக்கு லாங்டெயிலும் போதும்.

முத்துப்பேட்டை வேறு உலகம். கோடியக்கரைக்குத் தெற்கே பாக் நீரிணை. இலங்கை மறைப்பதால் வங்கக் கடலின் பேரலை அங்கே அடங்கித்தான் வரும். அலையாத்திக் காட்டுக்குள் இருக்கும் லகூனில், அதாவது காயலில், பல இடங்களில் ஆழம் ஒரு மீட்டர்கூடத் தேறாது, அடியில் சேறு. அங்கே அவுட்போர்டு வாங்குவது வீண் செலவு. லாங்டெயிலும் ஒரு நீளக் கழியும் போதும்.

எந்த எஞ்சினும் தீர்க்காத ஒன்று, எஞ்சின் நின்றுபோவது. அதற்கு நங்கூரம் வேண்டும், ஆழத்தைப் போல் ஐந்து மடங்காவது கயிறும் வேண்டும். அதைப் படகின் முன்பக்கமான அணியத்தில் கட்டுங்கள். பின்பக்கம் கட்டினால் அலை நேராகப் படகுக்குள் ஏறும். லைஃப் ஜாக்கெட்டைப் பலகைக்கு அடியில் திணிக்காமல், மேட்டைத் தாண்டும்வரையாவது போட்டிருங்கள். கடல் நிலையைக் கணிக்கும் மத்திய அரசு மையமான இன்காய்ஸ் வெளியிடும் அலை எச்சரிக்கையையும் பார்த்துவிடுங்கள். எங்கோ தொலைவில் கிளம்பிய பேரலை திடீரெனக் கரையில் ஏறும் கள்ளக்கடல் வரும் நாளில் உள்ளூரில் காற்றே இருக்காது. கடலோரக் காவல்படையின் அவசர எண் 1554, அதை எல்லார் போனிலும் ஏற்றிவைக்கலாம்.

பழையாறுக்காரர்களுக்கு இன்னொரு வழியும் உண்டு. கையில் இருக்கும் லாங்டெயிலை மாற்ற வசதி இல்லையென்றால், வற்றத்தில் தாண்டுவதை நிறுத்திவிட்டு ஏற்றத்துக்குக் காத்திருக்கலாம். ஓத நேரம் நாளுக்குச் சுமார் 50 நிமிடம் தள்ளிப்போகும். வாரத்தில் சில நாள் சந்தை நேரம் தவறும், மீன் விலையும் கொஞ்சம் அடிபடும். இரண்டு எஞ்சினுக்கும் உள்ள விலை வித்தியாசத்தோடு அந்த நட்டத்தையும் சேர்த்துக் கணக்குப் போட்டுப் பாருங்கள்.