என்ன மைலேஜ் கொடுக்குது? 52,400 கிலோமீட்டர் நோட்டுக் கணக்கு

வண்டி வாங்கி மூன்று வருடம் இரண்டு மாதம் ஆகிறது. 2.2 லிட்டர் டீசல் எஸ்யூவி, ஆட்டோமேட்டிக், மூன்று வரிசை இருக்கை. பார்க்கிறவர்கள் எல்லோரும் கேட்பது ஒன்றுதான்: “என்ன மைலேஜ் கொடுக்குது?” முதல் சில மாதம் நானும் மீட்டரில் தெரிவதைப் பார்த்து “பதினாலு” என்று சொல்லிக்கொண்டிருந்தேன். இப்போதெல்லாம் “தினமும் எங்கே, எவ்வளவு தூரம் ஓட்டுவீங்க?” என்று திருப்பிக் கேட்கிறேன். மழுப்புகிறேன் என்று நினைக்கிறார்கள்.

மொத்தக் கணக்கை முதலில் சொல்லிவிடுகிறேன். 52,400 கிலோமீட்டர், 91 முறை டேங்க் நிரப்பியது, 4,010 லிட்டர் டீசல். வகுத்தால் லிட்டருக்கு 13.1. வண்டியின் சான்றிதழில் இருந்த எண் 16. அதாவது சொன்னதைவிட 22 சதவீதம் கூடுதல் டீசல் குடித்திருக்கிறது. ஏமாற்றிவிட்டார்கள் என்று கொதித்த காலம் உண்டு. அப்புறம் சோதனை எப்படி நடக்கிறது என்று படித்தபோது கோபம் கொஞ்சம் தணிந்தது. ஐரோப்பாவில் 2017 முதல் வந்த டபிள்யூஎல்டிபி என்ற சோதனை முறையில், வண்டியை உருளைகள் மேல் நிறுத்தி, ஏசியை அணைத்துவிட்டு, 30 நிமிடத்தில் 23 கிலோமீட்டர் ஓட்டுகிறார்கள். மேடு, எதிர்காற்று, பின்சீட்டில் மூன்று பேர், எதுவும் கிடையாது. சாலையில் ஓடும் கார்களிலிருந்தே தரவு எடுத்து ஐரோப்பிய ஆணையம் 2024இல் ஓர் அறிக்கை வெளியிட்டது. பெட்ரோல், டீசல் கார்கள் சான்றிதழைவிடச் சுமார் 20 சதவீதம் கூடுதலாகக் குடிக்கின்றன என்று அதில் இருக்கிறது. என் வண்டி ஊரோடு ஒத்துத்தான் ஓடியிருக்கிறது.

மீட்டரை நம்பாமல், நோட்டில் எழுதிக் கணக்குப் போடத் தொடங்கியதற்கு ஒரு காரணம் உண்டு. ஒரு நீண்ட பயணத்தில் மீட்டர் 15.2 காட்டியது. பம்பில் நிரப்பிப் பார்த்தால் 14.1. முதலில் பம்பைத்தான் சந்தேகப்பட்டேன். வேறு வேறு பம்புகளில் பத்து முறை பார்த்தும் மீட்டர் எப்போதும் ஆறு, ஏழு சதவீதம் தாராளமாகவே காட்டியது. அன்றிலிருந்து முறை ஒன்றுதான்: நாஸில் ‘டக்’ என்று தானாக நின்றதும் நிறுத்திவிட வேண்டும், அதற்கு மேல் ஒரு அழுத்து கூடாது. ஓடோமீட்டர் காட்டும் கிலோமீட்டரையும் நிரப்பிய லிட்டரையும் குறிக்க வேண்டும். குறிப்பது என் மகளின் வேலை. ‘டக்’ சத்தத்துக்குக் காத்திருந்து, இரண்டு தசமத்தோடு எழுதுவாள். ஒரே டேங்கை வைத்து எதுவும் சொல்ல முடியாது. நாஸில் ஒருமுறை சீக்கிரம் நின்றுவிட்டாலே கணக்கு ஒன்று, ஒன்றரை கூடிக் குறையும். மூன்று நான்கு டேங்க் சேர்த்துப் பார்த்தால்தான் உண்மை தெரியும்.

சராசரி போடுவதிலும் ஒரு வழுக்கல் இருக்கிறது. போகும்போது 100 கிலோமீட்டர் தூரத்துக்கு லிட்டருக்கு 16 கொடுத்தது, வரும்போது அதே தூரத்துக்கு 10 கொடுத்தது என்றால், சராசரி 13 என்றுதான் வாய் சொல்லும். லிட்டரைக் கூட்டிப் பாருங்கள். 6.25, அப்புறம் 10, ஆக 16.25 லிட்டரில் 200 கிலோமீட்டர். 12.3தான் வரும்.

சரி, இனி சாலைக்கு வருவோம்.

வார நாட்களில் என் ஓட்டம் ஒரு வழி 9 கிலோமீட்டர், 40 நிமிடம். இதில் பாதி நேரம் வண்டி நிற்கிறது. மீட்டரில் மணிக்கு எத்தனை லிட்டர் எரிகிறது என்று பார்க்கும் வசதி உண்டு. ஏசி இல்லாமல் நின்றால் 0.7, ஏசி ஓடினால் 1.1. இருபது நிமிடம் நின்றால் கிட்டத்தட்ட 0.37 லிட்டர். அந்த 9 கிலோமீட்டருக்கு மொத்தச் செலவே ஒரு லிட்டர்தான். மூன்றில் ஒரு பங்குக்கு மேல் டயர் ஒரு அங்குலம் உருளாமலே போய்விடுகிறது! நான் எவ்வளவு மென்மையாக மிதித்தாலும் அந்தப் பங்கை ஒன்றும் செய்ய முடியவில்லை. தொடர் விடுமுறையில் ஒருநாள் அதே சாலை வெறிச்சோடிக் கிடந்தது. 18 நிமிடத்தில் போய்ச் சேர்ந்தேன், மீட்டரின் தாராளத்தைக் கழித்தும் 12.5. வண்டி அதே, கால் அதே.

இதைவிட மோசம் இரண்டு கிலோமீட்டர் ஓட்டம். காலையில் குளிர்ந்த எஞ்சின், கெட்டியான ஆயில், சூடேறுவதற்குள் வீடு வந்துவிடும். அதில் 6, 7 தாண்டியதே இல்லை. அதற்கு நடந்தே போகலாம் என்று மனைவி சொல்வது நியாயம்தான்.

நெடுஞ்சாலைதான் எனக்குப் பெரிய பாடம். ஒரே பாதையில், ஒரே சுமையோடு, வேகத்தைத் தானாக ஒரே அளவில் வைக்கும் குரூஸ் கன்ட்ரோல் போட்டு இரண்டு முறை சோதித்தேன். 90இல் 16.8 கிடைத்தது, சான்றிதழையே தாண்டிவிட்டது. 110இல் 13.4. வேகம் கூடியது 22 சதவீதம், ஆனால் காற்று எதிர்க்கும் விசை வேகத்தின் வர்க்கத்துக்கு ஏற்ப ஏறும். கணக்குப் போட்டால் அது ஏறத்தாழ ஒன்றரை மடங்கு. எஸ்யூவியின் முகமோ அலமாரி போல அகலம், உயரம். செடானில் இதே இருபது கிலோமீட்டர் வேகம் இவ்வளவு கேட்காது. 300 கிலோமீட்டர் பயணத்தில் 90க்குப் பதில் 110இல் போனால் மிச்சமாவது 36 நிமிடம், கூடுதலாகப் போவது நாலரை லிட்டர். அவசரம் இருக்கும் நாளில் நான் 110இல்தான் போகிறேன், அதை மறைக்கவில்லை. இப்போது அதன் விலை தெரிந்து போகிறேன், அவ்வளவுதான்.

கூரைப் பெட்டி விஷயம் இதோடு சேர்ந்தது. ஒரு குடும்பப் பயணத்துக்குப் பெட்டியை மேலே மாட்டிக்கொண்டு போனோம். 110இல் 11.6க்கு இறங்கியது. திரும்பும்போது இரண்டு பேர் குறைவு, கடைசி வரிசையை மடக்கிச் சாமானை உள்ளே திணித்து, காலிப் பெட்டியைக் கழற்றி உறவினர் வீட்டில் போட்டுவிட்டு வந்தோம். 13. இருவரின் எடை குறைந்ததும் கொஞ்சம் உதவியிருக்கும், ஆனால் சமவெளியில் நிலையான வேகத்தில் எடைக்கு அவ்வளவு பலமில்லை. பெரும்பங்கு அந்தப் பெட்டிதான். பெட்டி இன்னும் அந்த உறவினர் வீட்டு மாடியில்தான் இருக்கிறது.

மலைப்பாதையில் பலரும் இறங்கும்போது நியூட்ரலில் போட்டால் மிச்சமாகும் என்கிறார்கள். நேர்மாறு. கியரில் இருந்தபடி ஆக்ஸிலரேட்டரை விட்டால், சக்கரம்தான் எஞ்சினைச் சுற்றுகிறது. இன்ஜெக்டர்கள் டீசலை அடியோடு நிறுத்திவிடும். மீட்டர் 99.9இல் போய் ஒட்டிக்கொள்வதைப் பார்க்கலாம். நியூட்ரலில் எஞ்சின் அணையாமல் இருக்க டீசல் போய்க்கொண்டே இருக்கும். பிரேக் மட்டும் தனியாகச் சுமையைத் தாங்கிச் சூடாவது அதைவிடப் பெரிய ஆபத்து.

டயர் காற்று பற்றி எல்லோரும் நிறையச் சொல்கிறார்கள், எனக்குக் கொஞ்சம் மிகை என்று படுகிறது. ஒருமுறை சர்வீஸ் முடிந்து வந்த வண்டியில் நான்கு டயரிலும் 33க்குப் பதில் 26 பிஎஸ்ஐதான் இருந்தது. மூன்று வாரம் கழித்து, வளைவில் வண்டி மெத்தென்று சாய்வதைப் பார்த்துத்தான் கண்டுபிடித்தேன். அந்த டேங்குகளில் மைலேஜ் குறைந்தது 0.4. நாலைந்து டேங்க் இடைவெளியில் தானாகவே வந்து போகும் ஏற்றத்தாழ்வு அது. காற்றை மாதம் இருமுறை பார்க்கிறேன், டயர் ஓரம் தேயாமல் இருக்கவும் பிரேக் பிடிக்கவும்தான்.

டயரில் வேறொரு வேடிக்கை. 48,000இல் நான்கையும் மாற்றியதும் மைலேஜ் சட்டென்று இறங்கியது. புது டயர் உருள்வதற்குக் கொஞ்சம் கூடுதல் பலம் கேட்கும் என்பது ஒரு பாதி. மறுபாதி ஓடோமீட்டர். பழைய டயர் ஆறு மில்லிமீட்டர் தேய்ந்திருந்தால் சக்கரம் சிறிதாகி, அதே தூரத்துக்குக் கூடுதலாகச் சுற்றும். என் அளவு டயரில் அது ஒன்றரை சதவீதம். அதாவது மாற்றுவதற்கு முந்தைய மாதங்களில் நான் பெருமைப்பட்ட 13.3இல் ஓடாத கிலோமீட்டரும் சேர்ந்திருந்தது.

நோட்டில் விளக்கமில்லாமல் கிடந்த பக்கங்கள் சில உண்டு. 10.8, 10.9 என்று, ஊருக்குள் மட்டும் ஓட்டிய டேங்க் போலவும் இல்லாமல், பயணம் போலவும் இல்லாமல். காரணம் ஓர் இரவு தெரிந்தது. வீட்டு வாசலில் நிறுத்தியபோது எஞ்சின் நிமிடத்துக்கு 750 சுற்றில் அமராமல் 1,000க்குப் பக்கத்தில் உறுமிக்கொண்டிருந்தது. சாவியை அணைத்த பிறகும் முன்னால் ஃபேன் ஓடிக்கொண்டே இருந்தது, சூடான இரும்பு வாசனை. டிபிஎஃப் என்கிற புகைவடிகட்டி தன்னுள் சேர்ந்த கரியை எரித்துக்கொண்டிருந்தது. அதற்கென்று கூடுதல் டீசல் போகும். நான் வழியில் அணைத்ததால் வேலை பாதியில் நின்றது. மறுநாள் மறுபடி முதலிலிருந்து, அன்றும் பாதியில். இப்போது ஐட்லிங், அதாவது நிற்கும்போது எஞ்சின் சுற்றும் வேகம், உயர்ந்திருப்பதைக் கண்டால் வீட்டைத் தாண்டி இன்னும் பதினைந்து நிமிடம் ஓட்டிவிட்டுத்தான் அணைக்கிறேன். அதன்பிறகு 10.8 திரும்ப வரவில்லை.

போன மாதம் நண்பர் ஒருவர் இதே வண்டியை வாங்கலாமா என்று கேட்டார். தினமும் போக ஆறு, வர ஆறு கிலோமீட்டர், நெரிசல், நெடுஞ்சாலை வருடத்துக்கு இரண்டு முறை. என் 13.1 உங்களுக்கு வராது, 9 வரும், டிபிஎஃப் தொல்லை தனி என்றேன். நிற்கும்போது எஞ்சினை அணைத்து, பிரேக் பிடிக்கும்போது மின்சாரத்தைத் திரும்பச் சேமிக்கும் ஹைப்ரிட் ஒன்றைப் பாருங்கள் என்றேன். அவர் யோசித்துவிட்டு, “சரி, ஆனா மீட்டர்ல பதினாலு காட்டுதுன்னு சொன்னீங்களே” என்றார்.