ஷவர் சொட்டினால் சுவரை உடைக்க விடாதீர்கள்: எனக்குப் போனது 9,400 ரூபாய்

நேற்று இரவே எழுத உட்கார்ந்தேன். ஆத்திரத்தில் ஒரு வரி ஓடவில்லை. 9,400 ரூபாய், ஒரு ஷவர் சொட்டியதற்கு!

எங்கள் வீடு தாம்பரம் பக்கம். முழுக்க போர் தண்ணீர்தான், பக்கெட் விளிம்பெல்லாம் வெள்ளையாக உப்பு பூத்திருக்கும். குளியலறையில் இருப்பது சுவருக்குள் பதித்த டைவர்ட்டர், அதாவது வெந்நீரையும் குளிர்ந்த நீரையும் கலந்து ஷவருக்கு விடும் அமைப்பு, ஒற்றைக் கைப்பிடி வகை. போட்டு ஆறு வருடம் ஆகிறது. இரண்டு மாதமாகக் கைப்பிடி இறுகிக்கொண்டே வந்தது. வெந்நீர்ப் பக்கம் முழுக்கத் திருப்பினாலும் வெதுவெதுப்பாகத்தான் வந்தது. அப்புறம் மூடிய பிறகும் ஷவர் சொட்டத் தொடங்கியது. இந்த மூன்றும் சேர்ந்து வந்தால் பெரும்பாலும் அதன் பித்தளைக் கூட்டுக்குள் (அதைத்தான் பாடி என்பார்கள்) இருந்து தண்ணீரைத் திறந்து மூடும் கார்ட்ரிட்ஜ் தேய்ந்துவிட்டது என்றுதான் அர்த்தம். அது அன்று எனக்குத் தெரியாது.

வீட்டு வேலைகளுக்கு ஆள் அனுப்பும் ஒரு செயலியில் பதிவு செய்தேன். வந்தவருக்கு முப்பது வயது இருக்கும். செருப்பை வாசலில் கழற்றிவிட்டு, கால் கழுவிக்கொண்டுதான் உள்ளே வந்தார். காபி கொடுத்தேன், வேண்டாம் என்றார். சுவரில் காதை வைத்துக் கேட்டார், டைலைத் தட்டிப் பார்த்தார். கட்டிலில் படுத்திருந்த என் அம்மாவை எட்டிப் பார்த்துவிட்டு மெதுவாகச் சொன்னார்: "அக்கா, பாடியிலயே கிராக். சுவத்துக்குள்ள தண்ணி இறங்குது. தரை எந்நேரமும் ஈரமா இருந்தா பாட்டி வழுக்கி விழுந்துடுவாங்க."

அந்த ஒரு வார்த்தையில்தான் விழுந்தேன். அம்மாவுக்கு 74 வயது, போன வருடம்தான் இடுப்பில் அடிபட்டு எழுந்தார். வேறு யாரிடமும் கேட்கத் தோன்றவில்லை. சரி, செய்யுங்கள் என்றேன்.

பாடிக்கு 5,600, டைல் வேலைக்கு 2,300, கூலி 1,500. மொத்தம் 9,400. "ஆப்ல போட்டா உங்களுக்குத்தான் வரி ஏறும், எனக்கே அனுப்பிடுங்க அக்கா" என்றார். போனிலேயே அனுப்பினேன். சுத்தியல் சத்தம் தாங்காமல் அம்மாவைப் பக்கத்து வீட்டில் உட்கார வைத்தேன். அந்த முக்கால் மணி நேரம் நானும் அங்கே இல்லை. திரும்பி வந்தபோது நான்கு டைல் உடைந்து, வெள்ளை சிமெண்ட் பூசியிருந்தது. பழைய சாமானை எங்கே என்று கேட்டதற்கு, "குப்பைதானே அக்கா, நானே போட்டுடறேன்" என்று பையில் போட்டுக்கொண்டு போய்விட்டார்.

பன்னிரண்டாம் நாள் மறுபடி சொட்டியது. இந்த முறை கைப்பிடிக்கு அடியிலும் கசிந்தது. அவர் போன் ஸ்விட்ச் ஆஃப். செயலியில் புகார் கொடுத்தேன். "48 மணி நேரத்தில் தீர்வு" என்று வந்தது. மூன்றாம் நாள் ஒரு பெண் அழைத்து, நான் சொன்னதை எல்லாம் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "மேடம், எங்க வழியா கட்டினது விசிட் சார்ஜ் மட்டும்தான், மத்தது உங்க ரெண்டு பேருக்குள்ள" என்றார். மறுநாள் புகார் "தீர்க்கப்பட்டது" என்று மூடியிருந்தது. யார் தீர்த்தார்கள், எதைத் தீர்த்தார்கள்? மறுபடி எழுதினேன், அதே பதில். மேலதிகாரியைக் கேட்டேன், "கால்பேக் வரும்" என்றார்கள். வரவே இல்லை.

கடைசியில் தெருமுனை ஹார்டுவேர் கடைப் பெரியவரிடம் போனேன். "பாடி மாத்தினான்னா சொல்ற? கழட்டிப் பாரும்மா" என்றார். அவர் சொன்னபடி நானே கழற்றினேன். மாடி டேங்க்கின் வால்வை மூடி, கீசரை அணைத்து, கீழே ஒரு குழாயைத் திறந்து லைனில் இருந்த தண்ணீரை வடித்தேன். கைப்பிடியில் சிவப்பும் நீலமும் போட்ட சின்ன மூடியை நெம்பினால் உள்ளே ஒரு குட்டி ஸ்க்ரூ, அதற்கு ஆலன் கீ என்ற அறுகோண முனைச் சாவி. கைப்பிடி வந்த பிறகு கிண்ணம் மாதிரி ஒரு மூடி, அதற்குள் பித்தளை நட். ஸ்பேனரில் திருகியதும் கார்ட்ரிட்ஜ் கையோடு வந்தது.

அதன் பின்னால் தெரிந்ததைப் பார்த்ததும் வயிறு எரிந்தது. பச்சைக் களிம்பு ஏறிய, உப்பு அப்பிய அதே பழைய பித்தளை பாடி! மாற்றவே இல்லை. மாற்றியது கார்ட்ரிட்ஜ் ஒன்றைத்தான். அதுவும் மட்டமான சரக்கு, அடி வாஷர் ஒரு பக்கம் நசுங்கிக் கிழிந்திருந்தது. டைலை உடைத்தது வேலை பெரிதாகத் தெரிவதற்கு மட்டும்.

கார்ட்ரிட்ஜ் என்பது பிளாஸ்டிக் கூட்டுக்குள் ஒன்றன்மேல் ஒன்று வழுக்கும் இரண்டு பீங்கான் தகடு, அவ்வளவுதான். நடுவில் உப்புத் துகள் புகுந்து கீறினால் சொட்டும். புதியது 480 ரூபாய்க்கு வாங்கினேன். பாடியின் அடியில் இருந்த உப்பை வினிகர் துணியால் துடைத்து, கார்ட்ரிட்ஜின் அடியில் உள்ள இரண்டு முளையும் குழியில் உட்காரும்படி வைத்து முடுக்கினேன். அரை மணி நேரம். ஒரு சொட்டு இல்லை. 480 ரூபாயில் முடிய வேண்டியதற்கு 9,400 ரூபாய்.

விவரமாக எழுத நினைத்தேன், இப்போதைக்கு இவ்வளவுதான் முடிகிறது. உடைக்க வேண்டும் என்று யார் சொன்னாலும் முதலில் கார்ட்ரிட்ஜைக் கழற்றிக் காட்டச் சொல்லுங்கள். பழைய சாமானை வாங்கி வையுங்கள். கடைக்குப் போகும்போது அதையே கையில் கொண்டுபோங்கள், 35 மில்லிமீட்டர், 40 மில்லிமீட்டர் என்று அளவு மாறும். பில் இல்லாமல் தனியாகப் பணம் அனுப்பாதீர்கள். கம்பெனி வாரண்டி இருக்கிறதா என்று பாருங்கள், நான் பார்க்கவில்லை. நுகர்வோர் உதவி எண் 1915, இன்று காலை பதிவு செய்துவிட்டேன்.

உடைந்த நான்கு டைலுக்கும் அதே டிசைன் தேடி இரண்டு கடை ஏறி இறங்கினேன். இப்போது அது வருவதில்லையாம்.