நூறு விலங்கா, ஒரே ஆவுளியாவா? கடற்கரைப் பிள்ளைகளுக்கு எந்தப் படப் புத்தகம்

மண்டபம் பக்கத்தில் ஒரு கடற்கரை ஊரில் பிள்ளைகளுக்கு மாலைநேரப் படிப்பகம் நடத்துகிறேன். அரிய விலங்குகள் பற்றிய படப் புத்தகம் வாங்கலாம் என்று போனால் கடையில் முதலில் எடுத்துக் காட்டுவது பெரிய புகைப்பட ஆல்பத்தைத்தான்: பக்கத்துக்கு ஒன்றாக நூறு விலங்கு. அதே விலைக்கு, ஒரே விலங்கின் வாழ்க்கையை முப்பது பக்க ஓவியங்களில் சொல்லும் புத்தகங்கள் இரண்டு மூன்று வாங்கிவிடலாம். ஐந்து முதல் பத்து வயதுப் பிள்ளைகளுக்கு என்றால் யோசிக்காமல் இரண்டாவதையே வாங்குங்கள் என்பேன்.

ஆல்பத்தைக் குறைத்துச் சொல்லவில்லை. பனிச்சிறுத்தை, பாண்டா, துருவக்கரடி என்று பிள்ளைகள் முண்டியடித்துக்கொண்டு பார்ப்பார்கள். ஆனால் கால் மணி நேரத்தில் புரட்டி முடித்துவிடுவார்கள். நீளம், எடை, வாழுமிடம், மிச்சம் இருப்பது எத்தனை என்று எல்லா விலங்குக்கும் அதே கட்டம், அதே நாலு வரி. எப்படித் தின்னும், குட்டியை எப்படி வளர்க்கும், ஏன் குறைந்துபோனது என்பதற்கெல்லாம் அதில் இடமே இல்லை. தகவலும் சீக்கிரம் பழசாகிவிடுகிறது. பாண்டாவின் நிலை கொஞ்சம் தேறியிருக்கிறது என்று 2016-லேயே அருகிவரும் உயிர்களின் உலகப் பட்டியலில் மாற்றிவிட்டார்கள். எங்களிடம் உள்ள ஆல்பத்தில் அது இன்னும் அழியும் தறுவாயில்தான் இருக்கிறது.

ஒரே விலங்குப் புத்தகத்தில் என்ன கிடைக்கிறது என்பதற்கு, கடல்பசு என்றும் சொல்லப்படும் ஆவுளியாவையே எடுத்துக்கொள்வோம். ஆல்பத்தில் அது கண்ணாடி போன்ற நீல நீரில் தனியாக மிதக்கும் ஒரு படம். நம் பாக் நீரிணைக் கலங்கலில் அப்படி ஒரு படம் எடுப்பது லேசில்லை. ஓவியருக்கு அந்தத் தடை கிடையாது. எங்களிடம் உள்ள புத்தகத்தில் ஒரு விரிபக்கம் முழுக்கக் கடற்புல் மேடு; அதன் நடுவே புல் இல்லாமல் வெறும் மணலாக ஒரு கோடு வளைந்து வளைந்து போகிறது. வேரோடு தின்றுகொண்டே ஆவுளியா போன தடம் அது. இரண்டாம் வகுப்புப் பையன் ஒருவன் அந்தக் கோட்டின் மேல் விரலை ஓட்டிக்கொண்டே போய், பக்கத்தின் ஓரத்தில் தாயையும் குட்டியையும் கண்டுபிடித்தான். “அக்கா, இம்புட்டையும் இதுவா தின்னுச்சு?” என்றான். ஒரு நாளைக்கு முப்பது நாற்பது கிலோ தின்னும் என்ற கணக்கு அதற்குப் பிறகுதான் அவனுக்குத் தேவைப்பட்டது.

அடுத்த பக்கங்களும் அப்படியே ஒன்றிலிருந்து ஒன்று வருகின்றன. வயிற்றில் ஒரு வருஷத்துக்கு மேல் சுமந்து ஒரே குட்டி போடும். அடுத்த குட்டிக்கு மூன்று முதல் ஏழு வருஷம் ஆகும். நுரையீரலால் மூச்சு விடுவதால் சில நிமிஷத்துக்கு ஒருமுறை மேலே வந்தே ஆகவேண்டும். வலையில் மாட்டி மேலே வர முடியாமல் போனால் மூச்சடைத்துச் செத்துவிடும். ஒரு தாய் போனால் அந்த இழப்பு ஈடாகப் பல வருஷம் பிடிக்கும் என்பதைப் பிள்ளைகளே சொல்லிவிடுகிறார்கள்.

வலை வரும் இந்தப் பக்கத்தைத்தான் வாங்குவதற்கு முன் நான் கவனமாகப் பார்ப்பேன். சில புத்தகங்களில் படகில் நிற்கிற ஆளுக்கு வில்லன் முகம் போட்டிருப்பார்கள். நம் பிள்ளைகளுக்கு அந்த ஆள் அப்பா, சித்தப்பா, தாய்மாமா. ஆவுளியா தானாக வந்து மாட்டியதையும், வலை போனாலும் பரவாயில்லை என்று வலையை அறுத்து அதை விடுவிப்பதையும் வரைந்திருக்கிற புத்தகமே இந்தக் கரைக்கு நேர்மையானது. அப்படி விடுவிக்கிற மீனவர்களுக்கு வனத்துறை ஊக்கத்தொகை தருகிறது. நமக்கு வடக்கே தஞ்சாவூர், புதுக்கோட்டைக் கடலில் 448 சதுர கிலோமீட்டரை 2022-இல் கடல்பசுப் பாதுகாப்பகமாக அறிவித்தார்கள்; கடலோர மக்களின் ஒத்துழைப்பு இல்லாமல் அது நடக்காது. பிள்ளைகள் படிக்கவேண்டிய சேதி இது.

ஓவியத்திலும் தப்பு வரும். எளிய சோதனை வால்தான். ஆவுளியாவின் வால் திமிங்கலத்துக்கு இருப்பதுபோல இரண்டாகப் பிரிந்திருக்கும். வட்டமான துடுப்பு வால் போட்டிருந்தால் அது அமெரிக்கக் கரையில் வாழும் மனாட்டியைப் பார்த்து வரைந்தது. கடல் ஆமை தலையை ஓட்டுக்குள் இழுத்துக்கொள்வதாக வரைந்திருந்தாலும் வாங்காமல் திருப்பி வைத்துவிடுங்கள். கடல் ஆமையால் அப்படி இழுக்க முடியாது. கடல்குதிரையில் குட்டியைப் பையில் சுமப்பது ஆண் என்று போட்டிருக்கிறதா என்றும் பாருங்கள்.

காசே இல்லை என்றாலும் வழி உண்டு. பிரதம் புக்ஸின் ஸ்டோரிவீவர் தளத்தில் தமிழ்க் கதைகளை இலவசமாக இறக்கி அச்செடுக்கலாம். உரக்கப் படித்துக்காட்ட அவை அருமை. கறுப்பு வெள்ளையில் எடுத்தால் பாதி போய்விடும், கலரிலேயே எடுங்கள். ஸ்டேப்ளர் பின் அடிக்காமல் நடுவில் நூல் போட்டுத் தைத்துவிடுங்கள். நம் உப்புக் காற்றில் பின் துருப்பிடித்து, ஒரு மழைக்காலத்துக்குள் நடுப்பக்கப் படத்தில் பழுப்புக் கறை ஏறிவிடும்.

ஆல்பமும் ஒன்று இருக்கட்டும். ஒரு விலங்கை முழுசாகத் தெரிந்துகொண்ட பிள்ளை பத்து வயதுக்கு மேல் அதைத் திறந்தால், நாலு வரிக் கட்டத்தைப் படித்துவிட்டு “இதுல குட்டியப் பத்தி ஒண்ணுமே போடலையே” என்று கேட்கும்.