பாகிஸ்தான் நிக்காஹ்நாமா: கோடு கிழிபடும் கட்டங்களில்தான் விஷயமே இருக்கிறது

பாகிஸ்தானின் நிக்காஹ்நாமாவை, அதாவது முஸ்லிம் திருமண ஒப்பந்தப் படிவத்தை, ஒரு பொருளாக எடுத்து மதிப்பிட்டால், வடிவமைப்புக்கு ஐந்தில் நான்கு கொடுக்கலாம். அது மணமகள் கைக்கு வந்து சேரும் லட்சணத்துக்கு ஒன்றரைக்கு மேல் தர மனம் வராது. அச்சிட்ட தாளில் 25 கட்டங்கள். நான்கு படி எழுத வேண்டும்: மணமகளுக்கு ஒன்று, மணமகனுக்கு ஒன்று, யூனியன் கவுன்சில் என்ற உள்ளாட்சி மன்றத்துக்கு ஒன்று, நிக்காஹ் பதிவாளரின் பதிவேட்டில் ஒன்று. தன் திருமணத்தின் விதிகளைப் பெண் பேசி எழுதிவைக்க 17 முதல் 20 வரையுள்ள கட்டங்கள் இடம் தருகின்றன. பல தாள்களில் அந்த நான்கின் மேல்தான் மூலைக்கு மூலை ஒரே கோடு கிழிக்கப்பட்டிருக்கும்.

தாள் சும்மா வரவில்லை. 1949-இல் ரானா லியாகத் அலி கான் தொடங்கிய அனைத்துப் பாகிஸ்தான் பெண்கள் சங்கம், 1955-இல் பிரதமர் முகம்மது அலி போக்ரா இரண்டாம் மணம் செய்ததை எதிர்த்துக் கிளம்பியது. அதையொட்டி அமைந்த குடும்பச் சட்ட ஆணையத்தில் ஏழு பேர். அவர்களில் மூவர் பெண்கள். உலமா (மார்க்க அறிஞர்கள்) தரப்பில் இருந்தவர் இஹ்திஷாமுல் ஹக் தானவி ஒருவரே. அவர் தனியே மறுப்புரை எழுதினார். ஆணையம் சொன்னதில் ஒரு பகுதியை எடுத்து, 1961-இல் அதிபர் அயூப் கான் முஸ்லிம் குடும்பச் சட்ட அவசரச் சட்டம் கொண்டுவந்தார். அதன் கீழ் வந்த விதிகளில்தான் இந்தப் படிவம் இருக்கிறது.

முதல் 12 கட்டங்கள் ஊர், பெயர், வயது, சாட்சி, தேதி. இதில் ‘வக்கீல்’ என்று வருவதைப் பார்த்து மிரள வேண்டாம். மணமகள் சார்பில் சம்மதம் சொல்லப் போகிறவர் அவர், கோர்ட்டு வக்கீல் அல்ல. உறுத்துவது 5-ஆம் கட்டம். மணமகள் கன்னியா, விதவையா, தலாக் ஆனவரா என்று கேட்கிறது. மாப்பிள்ளைக்கு அப்படி ஒரு கேள்வி இல்லை. இதே படிவத்தின் வழிவந்த வங்கதேசத் தாளில் இருந்த ‘குமாரி’ என்ற சொல்லை எடுத்துவிட்டு ‘மணமாகாதவர்’ என்று போடும்படியும், மணமகனின் திருமண நிலையையும் கேட்கும்படியும் டாக்கா உயர் நீதிமன்றம் 2019-இல் உத்தரவிட்டது.

13 முதல் 16 வரை மஹர், அதாவது மணமகன் மணமகளுக்குத் தர வேண்டிய மணக்கொடை. எளிதாகத் தோன்றும், ஆனால் பணம் தொலைவது இங்கேதான். 13-இல் தொகை. ‘ஷரீஅத் மஹர்’ என்ற பெயரில் 32 ரூபாய் சொச்சம் எழுதும் பழக்கம் இன்னும் உண்டு. ஷரீஅத்தில் அப்படி ஒரு நிலையான தொகை கிடையாது. ஹனஃபி மத்ஹபில் (மத்ஹப் என்பது இஸ்லாமியச் சட்டப் பள்ளி) குறைந்த அளவு 10 திர்ஹம், அதாவது ஏறத்தாழ 30 கிராம் வெள்ளி. மேலே வரம்பு இல்லை. தங்கமாகப் பேசினால் ரூபாயில் எழுதாமல் எடையிலும் மாற்றிலும் எழுதுவது நல்லது. ஒரு தோலா 11.66 கிராம், இருபது வருடம் கழித்தும் அது 11.66 கிராம்தான்.

14-ஆம் கட்டத்தில் ஓர் எழுத்துக் கண்ணி இருக்கிறது. உடனே தர வேண்டிய மஹருக்கு ‘முஅஜ்ஜல்’ என்று பெயர், அரபியின் அய்ன் எழுத்தில். பின்னால் தரலாம் என்ற மஹருக்கும் கிட்டத்தட்ட அதே ஓசைதான், ஹம்ஸாவில். உருது பேச்சில் இரண்டும் ஒன்றுபோலவே கேட்கும். அவசரக் கையெழுத்தில் ஒரு சுழி மாறினால் அர்த்தம் தலைகீழ். ஆகவே அந்தச் சொல்லை நம்பாமல், கேட்டவுடன் தர வேண்டியது இவ்வளவு, மீதி எந்தத் தேதியில் அல்லது எந்த நிகழ்வில் என்று வாக்கியமாக எழுதச் சொல்ல வேண்டும். கட்டம் காலியாகவே விடப்பட்டால் ஒரு பாதுகாப்பு உண்டு: அவசரச் சட்டத்தின் 10-ஆம் பிரிவின்படி, எப்படித் தருவது என்று விவரம் இல்லாவிட்டால் முழு மஹரும் கேட்டவுடன் தர வேண்டியதாகவே கொள்ளப்படும். அரைகுறையாக நிரப்புவதை விட இந்தக் கட்டத்தைத் தொடாமல் விடுவது மேல் என்பது வேடிக்கையான உண்மை.

16-இல் மஹருக்குப் பதிலாகத் தரும் சொத்து. ‘5 மர்லா வீடு’ (மர்லா ஒரு நில அளவு) என்று மட்டும் எழுதிய தாள்கள்தான் நீதிமன்றத்துக்குப் போகின்றன. எந்த வீடு, எந்த எண், நான்கு எல்லை என்ன, யார் பெயரில் இருக்கிறது, மதிப்பு எவ்வளவு என எல்லாம் வேண்டும். தன் தகப்பனார் பெயரில் இருக்கும் வீட்டை மாப்பிள்ளை வாக்களித்தால், அந்தத் தகப்பனாரும் அந்தத் தாளில் ஒப்புக்கொண்டு கையெழுத்துப் போட வேண்டும். இல்லையேல் கட்டத்தில் வீடு இருக்கும், கையில் இருக்காது.

17-ஆம் கட்டம் சிறப்பு நிபந்தனைகள்: படிப்பைத் தொடர்வது, வேலைக்குப் போவது, தனி வீடு, மாதச் செலவுத் தொகை. ‘மனைவியை நன்றாக வைத்துக்கொள்வேன்’ என்று எழுதுவதில் பிரயோசனம் இல்லை. மாதம் இவ்வளவு, வருடத்துக்கு இவ்வளவு உயர்வு என்று எண் இருந்தால்தான் நீதிபதி கையில் பிடி கிடைக்கும்.

இனி 18. தலாக் சொல்லும் அதிகாரத்தைக் கணவர் மனைவிக்கு ஒப்படைத்தாரா, எந்த நிபந்தனையில்? இதற்குத் தஃப்வீழ் என்று பெயர். இந்தத் தாளின் உயிர் இங்கேதான். இது இருந்தால் மனைவி எழுத்தில் தலாக் அறிவித்து, யூனியன் கவுன்சில் தலைவருக்கு நோட்டீஸும் கணவருக்கு ஒரு படியும் அனுப்பினால் போதும். 90 நாளில் அது நடைமுறைக்கு வரும்; கர்ப்பமாக இருந்தால் பிரசவம் வரை நீளும். மஹர் கையை விட்டுப் போகாது. இது இல்லாவிட்டால் குலாவுக்கு, அதாவது மனைவி கேட்டுப் பெறும் மணவிலக்குக்கு, குடும்ப நீதிமன்றம் போக வேண்டும். வாங்கிய மஹரைத் திருப்பித் தரும்படியும் ஆகலாம்.

ஆனால் ‘ஆம்’ என்று ஒரு சொல் எழுதினால் வேலை முடிந்தது என்று நினைத்துவிடக் கூடாது. ஹனஃபி ஃபிக்ஹில், அதாவது மார்க்கச் சட்டத்தில், காலம் சொல்லாமல் ஒப்படைத்த அதிகாரம் அந்த அமர்வோடு முடிந்துவிடும். ‘அவள் எப்போது விரும்பினாலும்’ என்ற சொற்கள் இருந்தால்தான் வருடங்கள் கழித்தும் நிற்கும். அடுத்து நேரம். நிக்காஹுக்கு முன் மாப்பிள்ளைக்குத் தலாக் அதிகாரமே இல்லை, இல்லாததை ஒப்படைக்க முடியாது. ஆகவே ஈஜாப் கபூல் (மணத்துக்கான முன்மொழிவும் ஏற்பும்) முடிந்த பிறகு அந்தக் கட்டத்தில் கையெழுத்து வாங்க வேண்டும், அல்லது மணமகள் தரப்பின் ஈஜாபிலேயே இந்த நிபந்தனையைச் சேர்த்துச் சொல்லி, மாப்பிள்ளை அதை ஏற்க வேண்டும். ‘கணவர் இரண்டாம் மணம் செய்தால் மட்டும்’ என்பது போன்ற நிபந்தனை போட்டால், அந்த நிபந்தனையை நிரூபிக்கும் பாரமும் பெண் தலையில் விழும். நிபந்தனையின்றி வாங்குவதே சுத்தம். இதனால் கணவருடைய தலாக் அதிகாரம் ஒரு துளியும் குறையாது. ‘பெண்ணிடம் கொடுத்துவிட்டால் ஆணுக்கு ஒன்றுமில்லை’ என்று மண்டபத்தில் கிளம்பும் பேச்சுக்கு இதுவே பதில்.

கணவரின் அதிகாரத்துக்கு வரம்பு உண்டா என்று கேட்பது 19. காரணமின்றித் தலாக் சொன்னால் இவ்வளவு ரூபாய் என்று இங்கே எழுதுவார்கள். பார்க்கக் கம்பீரமாக இருக்கும், வழக்கில் இழுபடும். அந்தப் பணத்தை மஹரிலேயே ஏற்றிவிடுவது புத்திசாலித்தனம். 21-உம் 22-உம் மாப்பிள்ளைக்கு ஏற்கெனவே மனைவி உண்டா, நடுவர் மன்ற அனுமதி எண் என்ன என்று கேட்கும். இங்கே கோடு போட்டால் ‘கேட்கவே இல்லை’ என்று பின்னால் சொல்ல வழி கிடைக்கும். ‘இல்லை’ என்று மாப்பிள்ளை வாயால் சொல்லி எழுதவேண்டும்.

சேவைக்கு ஏன் ஒன்றரை? பேனா பதிவாளர் கையில். மணமகள் வேறு அறையில். எழுதாத தாளில் கையெழுத்து வாங்கிவிட்டு, கட்டங்களைப் பெரியவர்கள் பிற்பாடு நிரப்புவது பழகிப்போன நடைமுறை. ‘கல்யாண நாளில் தலாக் பேச்சா’ என்ற ஒரே அதட்டலில் 18 போய்விடும். பஞ்சாப் மாகாணம் 2015-இல் சட்டத்தைத் திருத்தியது: எல்லாக் கட்டங்களையும் மணமக்களின் பதிலோடு சரியாக நிரப்ப வேண்டும், தவறினால் ஒரு மாதம் வரை சிறையும் 25,000 ரூபாய் அபராதமும். பேனா பிடிப்பவர் பெண்ணாக இருந்தால் நிலைமை மாறுமா என்ற கேள்வியும் உண்டு. எகிப்தில் 2008-இல் அமல் சுலைமான் முதல் பெண் மஃதூனாக, அதாவது நிக்காஹ் பதிவாளராக, நியமனம் பெற்றார். வங்கதேச உயர் நீதிமன்றமோ 2020-இல் பெண்கள் அந்தப் பதவிக்கு வர இயலாது என்றது. மாதவிலக்கு நாட்களில் பள்ளிவாசலுக்குள் போக முடியாது என்பது சொல்லப்பட்ட காரணங்களில் ஒன்று. பதிவேட்டில் எழுதுவதற்குப் பள்ளிவாசல்தான் வேண்டுமா என்ன?

நம் பக்கத்துத் தாள்களோடு வைத்துப் பார்த்தால் இதன் அருமை தெரியும். இலங்கையின் 1951-ஆம் ஆண்டு முஸ்லிம் விவாக விவாகரத்துச் சட்டப்படி பதிவில் மணமகளின் கையெழுத்தே தேவையில்லை. வலீ, அதாவது அவளுடைய ஆண் காப்பாளர், போட்டால் போதும். அங்கே ஒரு நல்லது, மாப்பிள்ளைக்குக் கொடுத்த கைக்கூலியையும் சட்டம் கணக்கில் எடுப்பது; பிற்பாடு காதி (முஸ்லிம் குடும்ப நீதிபதி) மூலம் பெண் அதைத் திரும்பக் கேட்கலாம். தமிழ்நாட்டில் சட்டம் வகுத்த நிக்காஹ் படிவம் எதுவும் இல்லை. ஜமாஅத் தப்தர் (திருமணப் பதிவேடு) ஊருக்கு ஊர் வேறு. 2009-ஆம் ஆண்டுச் சட்டப்படி சார்பதிவாளரிடம் 90 நாளுக்குள் செய்யும் பதிவில் நிபந்தனை எழுத இடம் இல்லை. தஃப்வீழ் வேண்டுமென்றால் முத்திரைத்தாளில் தனி ஒப்பந்தம் எழுதி, தப்தரில் அதன் குறிப்பை ஏற்றச் சொல்ல வேண்டும்.

காயல்பட்டினம், கீழக்கரை, இலங்கை ஆகிய இடங்களில் பெரும்பாலோர் ஷாஃபிஈ மத்ஹப். அந்த மத்ஹபில் ஒப்படைத்த அதிகாரத்தை உடனே பயன்படுத்தாவிட்டால் காலாவதி. 18-ஆம் கட்டத்தின் வாசகத்தை அப்படியே நகலெடுத்தால் பலிக்காது. அங்கே பொருந்துவது தஃலீக், அதாவது நிபந்தனையோடு கட்டிவைத்த தலாக். மலேசியாவில் நிக்காஹ் முடிந்ததும் மாப்பிள்ளை வாசித்துக் கையெழுத்திடும் உறுதிமொழி அதுதான்: குறிப்பிட்ட காலம், பல மாநிலங்களில் 4 மாதம், மனைவிக்குச் செலவுக்குக் கொடுக்காவிட்டால் அவள் ஷரீஅத் நீதிமன்றத்தில் முறையிட்டு, நிரூபணமானதும் ஒரு தலாக் விழும். காலத்தையும் காரணத்தையும் நிபந்தனையாக எழுதுவதுதான் ஷாஃபிஈ ஊர்களுக்கு வழி.

பாகிஸ்தான் தாளுக்கே திரும்பினால், கடைசிச் சோதனை மண்டபத்தை விட்டுக் கிளம்புவதற்கு முன். மணமகளின் படியையும் பதிவேட்டில் இருப்பதையும் பக்கத்தில் வைத்து 13 முதல் 22 வரை ஒவ்வொரு கட்டமாக ஒப்பிட வேண்டும். அடித்தல் திருத்தல் இருந்தால் இரு தரப்பின் சுருக்கொப்பமும் அந்த இடத்திலேயே விழ வேண்டும். மணமகளின் படி அவளிடமே இருக்கட்டும். மாமியார் வீட்டு அலமாரியில் வேண்டாம்.