தூண்டில் கோல் பூச்சு வாங்கப் போகிறீர்களா? 3,640 ரூபாயைத் தொலைத்தவன் சொல்கிறேன்

ஒன்பது நாளாகிறது. தொட்டால் இன்னும் விரல் ஒட்டுகிறது. 3,640 ரூபாய் கொடுத்து வாங்கிய பொருள் என் தூண்டில் கோலில் பலாப்பிசின் போல அப்பிக் கிடக்கிறது. தூண்டில் நரம்பு ஓடும் வளையங்களைக் கோலோடு கட்டிய நூலுக்கு மெல்லிய பூச்சை எப்படித் தேர்ந்தெடுப்பது, எப்படிப் பூசுவது என்று விரிவாக எழுதுவதாக நண்பர்களிடம் சொல்லியிருந்தேன். அதற்கான பொறுமை இன்றைக்கு இல்லை. முதலில் நடந்ததைக் கேளுங்கள்.

பழவேற்காட்டில் கொடுவா பிடிக்க வைத்திருக்கும் ஏழடிக் கோல் அது. உப்புநீர் நூலுக்கடியில் இறங்கி வளையங்களின் கால்களைத் துரு தின்றுவிட்டது. பழைய கட்டுகளை அறுத்தெறிந்துவிட்டு, ஒன்பது வளையங்களையும் நைலான் நூலால் புதிதாகக் கட்டினேன். இழைமேல் இழை ஏறாமல் நான்கு மாலைகள் குனிந்து உட்கார்ந்த வேலை. மேலே எபாக்சியை, அதாவது பிசினும் அதை இறுகவைக்கும் ஹார்டனரும் கலந்த பூச்சைக் கெட்டியாகப் பூசினால் கட்டின் நடுப்பகுதி எலி விழுங்கிய பாம்பு போலப் புடைக்கும். நுனி கனத்துக் கோலின் துடிப்பும் போய்விடும். மெல்லியதாக இரண்டு முறை பூசுவதே என் வழக்கம்.

கையிருப்பு தீரும் நிலையில் இருந்ததால், இணையச் சந்தை ஒன்றில் மீன்பிடிச் சாமான் விற்பவரைப் பிடித்தேன். விளம்பரப் படத்தின் மூலையில் இருந்த எண்ணை அழைத்தேன். எடுத்தவர் விலையைச் சொல்லவில்லை. “நூல் நைலானா, பட்டா? நிறம் காக்கும் பூச்சு அடித்துவிட்டீர்களா?” என்று கேட்டார். பட்டு நூல் எபாக்சியில் நனைந்தால் கண்ணாடி போலாகி அடியில் உள்ள கோலின் நிறமே தெரியும். சாதாரண நைலானும் நிறம் மங்கிக் கருக்கும். அதைத் தடுக்கத்தான் அந்த முன்பூச்சு. தொழில் தெரிந்தவன் கேட்கும் கேள்வி. நான் விழுந்தது அந்த ஒரு கேள்வியில்தான்.

“சந்தை வழியாக 3,200 அண்ணா. நேரடியாக அனுப்பினால் 2,900.” முந்நூறு ரூபாய் ஆசை! நிறம் காக்கும் பூச்சுக்கு 420, தூரிகைக்கும் கூரியருக்கும் 320. மொத்தம் 3,640. கைப்பேசியிலேயே அனுப்பிவிட்டேன்.

வந்த இரண்டு புட்டிகளிலும் கையால் எழுதிய சீட்டு: ‘மெல்லிய பூச்சு, சரிக்குச் சரி’. தண்ணீர் போல ஓடியது. ஆகா, மெல்லியதுதான் என்று மகிழ்ந்தேன், மடையன். தனித்தனி ஊசிக்குழலில் அளந்து, நான்கு நிமிடம் கலக்கி, பழைய மைக்ரோவேவ் அடுப்பின் மோட்டாரில் கோலைச் சுழலவிட்டுப் பூசினேன். காலையில் பிசுபிசுப்பு.

முதல் நாள்: “24 மணி நேரம் பொறுங்கள் அண்ணா.” இரண்டாம் நாள்: “மழைக்கால ஈரம் அண்ணா.” மூன்றாம் நாள் ‘அண்ணா’ போய் ‘சார்’ வந்தது: “நீங்கள் சரியாகக் கலக்கவில்லை சார்.” அன்றிரவு என் பழைய புட்டிகளின் அடியில் கிடந்த மிச்சத்தையும் இவருடைய சரக்கையும் ஒரே மேசையில் ஒரே அலுமினியத் தாளில் ஊற்றி வைத்தேன். விடிந்ததும் பழையது கல்லாகியிருந்தது. இவருடையது கூழ். படம் அனுப்பினேன். “வெயிலில் வையுங்கள்” என்றார். வைத்தேன். மொட்டைமாடித் தூசியும் இரண்டு எறும்புகளும் ஒட்டிக்கொண்டன.

எரிச்சலில் புட்டியின் சீட்டை நகத்தால் சுரண்டினேன். அடியில் இன்னொரு சீட்டு. கைவினைப் பொருள் செய்ய அச்சில் ஊற்றும் பிசின்; இரண்டு பங்கு பிசினுக்கு ஒரு பங்கு ஹார்டனர். சரிக்குச் சரி கலந்தால் அது எப்படி இறுகும்? விகிதம் சரியாக இருந்தாலும் பயனில்லை. கனமாக ஊற்றும்போது தன் சூட்டிலேயே இறுகுவதற்காகச் செய்த சரக்கு அது. நூல்மேல் மெல்லிய படலமாகப் பூசினால் சூடு ஏறாமல் நாள்கணக்கில் மெத்தென்றே கிடக்கும்.

அந்தச் சீட்டின் படத்தை அனுப்பியதோடு அவருடைய முகப்புப் படம் மறைந்தது. அழைப்பும் போகவில்லை. சந்தைக்காரர்களோ, “பணம் எங்கள் வழியாக வரவில்லையே” என்று ஒரே வரியில் கைகழுவிவிட்டார்கள். நுகர்வோர் உதவி எண் 1915-இல் புகார் பதிந்திருக்கிறேன். 3,640 ரூபாய் திரும்பி வரும் என்ற நம்பிக்கை எனக்கு இல்லை.

எழுதுவதாகச் சொன்ன யோசனைகளில் இப்போது கைக்கு வருவது இவ்வளவுதான். உற்பத்தியாளரின் முத்திரை உடையாத புட்டியை மட்டும் வாங்குங்கள். சந்தைக்கு வெளியே பணம் அனுப்பாதீர்கள். எதை வாங்கினாலும் முதலில் ஒரு துண்டுக் குச்சியில் நூல் சுற்றிப் பூசி, ஒரு நாள் விட்டுப் பாருங்கள். நான் அதைச் செய்யவில்லை. ஹார்டனரைத் தொட்ட ஊசிக்குழலைப் பிசின் புட்டிக்குள் விடாதீர்கள். குமிழி எழுந்தால் ஸ்பிரிட் விளக்கின் சுடரை ஓரிரு நொடி தள்ளிக் காட்டினால் போதும்; அதற்கு மேல் காட்டினால் நூல் பொசுங்கிவிடும். மற்றவை பிறகு.

ஒன்பது கட்டுகளையும் இன்றிரவு பிளேடால் கீறி எடுக்க வேண்டும். மூன்று முடிந்தன. நாலாவதில் பிளேடு வழுக்கிக் கோலில் ஒரு கோடு விழுந்துவிட்டது.