நூறா, எண்பத்து நாலா: எங்கள் சந்தில் தீராத கணக்கு

எங்கள் சந்தில் இதுவரை ஒருவரும் சதம் அடித்ததில்லை. அடிக்கவும் முடியாது. ராயபுரம் கல்மண்டபத்துக்குப் பின்னால் இருக்கிற அந்தச் சந்தில் மேட்ச் என்றாலே ஆறு ஓவர்தான். டென்னிஸ் பால். ஓட்டுக்கூரை மேல் போனால் அவுட். சாக்கடையில் விழுந்தால் இரண்டு ரன், ஆனால் அடித்தவனே எடுத்துக் கழுவ வேண்டும். முப்பது அடித்தவன் ரிட்டயர். எவ்வளவு நன்றாக ஆடினாலும் அடுத்தவனுக்குக் காஜியை, அதாவது மட்டை பிடிக்கும் முறையை, கொடுத்துவிட்டுத் திண்ணையில் உட்கார வேண்டியதுதான். இப்படி வளர்ந்த எங்களுக்குள்தான் சச்சினா, கோலியா என்ற சதக் கணக்குச் சண்டை பல வருடமாக ஓயாமல் நடக்கிறது.

சண்டையின் இரண்டு கட்சியும் ஒரே வீட்டில் இருக்கின்றன. ஒரு பக்கம் என் மாமா. காசிமேட்டில் விசைப்படகு இன்ஜின் பழுது பார்க்கிறவர், சச்சின் கட்சி. எதிர்ப்பக்கம் அவர் பெற்ற பிள்ளை, கோலி கட்சி. எம்.சி. ரோட்டில் ஜவுளிக்கடை வேலை முடித்து ஞாயிற்றுக்கிழமை மீன்குழம்புக்குப் போகிற நான்தான் நடுவர். சம்பளம் கிடையாது.

சரி, முதலில் எண்ணிக்கையை எடுத்து வைத்துவிடுவோம். சச்சினுக்கு டெஸ்டில் 51, ஒருநாள் ஆட்டத்தில் 49, மொத்தம் 100. கோலிக்கு 2025 முடிவுவரை டெஸ்டில் 30, ஒருநாளில் 53, டி20யில் ஒன்று, மொத்தம் 84. பொதுவாகப் பேச்சு இந்த இடத்திலேயே முடிந்துவிடும். நூறு பெரியது, எண்பத்து நாலு சிறியது. ஆனால் 51ஐயும் 49ஐயும் ஒரே தராசில் போடுவது வஞ்சிரத்தையும் நெத்திலியையும் ஒரே விலைக்குக் கூறு கட்டுவது மாதிரி. பிரித்துத்தான் பார்க்க வேண்டும்.

ஒருநாள் ஆட்டத்தில் மாமா கட்சி தோற்றுவிட்டது. இதைச் சொன்னதற்காக ஒரு வாரம் எனக்குக் குழம்பு கிடைக்கவில்லை, ஆனாலும் சொல்கிறேன். சச்சினின் 49 சதத்துக்கு 452 இன்னிங்ஸ் ஆயிற்று. அதாவது ஒன்பது தடவை மட்டை பிடித்தால் ஒரு சதம். கோலி தன் ஐம்பதாவது சதத்தை 279ஆவது இன்னிங்ஸில் அடித்தார். ஆறு தடவைக்கு ஒன்று என்பதைவிடவும் வேகம். இது கொஞ்ச நஞ்ச வித்தியாசம் இல்லை.

மாமா இதற்குச் சொல்லும் பதிலில் பாதி நியாயம். "அவுரு ஓப்பனிங் எறங்கவே நாலு வருசம் ஆச்சிடா" என்பார். உண்மைதான். 1989இல் ஆட வந்த பையனைக் கீழே கீழே இறக்கிக்கொண்டிருந்தார்கள். 1994 மார்ச்சில் ஆக்லாந்தில் ஓப்பனர் சித்துவுக்குக் கழுத்துப் பிடித்துக்கொண்டதால் கேட்டு வாங்கி ஓப்பனிங் இறங்கினார், 49 பந்தில் 82. அதே வருடம் செப்டம்பரில் கொழும்பில் ஆஸ்திரேலியாவுக்கு எதிராக முதல் ஒருநாள் சதம். அது அவருக்கு 79ஆவது ஆட்டம். 49இல் 45 சதம் ஓப்பனராக வந்தவை. முதலிலிருந்தே மேலே அனுப்பியிருந்தால் கணக்கு வேறு மாதிரி இருந்திருக்கும் என்று அவர் சொல்வதை நான் மறுக்கவில்லை.

இன்னொரு நியாயம் பந்து. சச்சின் காலத்தின் பெரும்பகுதியில் ஒரு முனைக்கும் மறு முனைக்கும் ஒரே பந்துதான். முப்பது ஓவர் தாண்டினால் அது தேய்ந்து, நிறம் மங்கி, ரிவர்ஸ் ஸ்விங் ஆகும், அதாவது வழக்கத்துக்கு எதிர்ப்பக்கம் வளையும். சுழற்பந்து வீச்சாளர் கைக்கும் நன்றாகப் பிடி கொடுக்கும். 2011 கடைசியில் இரண்டு முனைக்கும் இரண்டு புதுப் பந்து வந்தது. 2025 நடுவில் விதி மாறும்வரை, ஆட்டம் முடியும்போதுகூட ஒவ்வொரு பந்துக்கும் வயது 25 ஓவர்தான். கட்டியாக இருக்கும், பட்டால் பறக்கும். 2012இல் வட்டத்துக்கு வெளியே ஃபீல்டர்கள் நான்கு பேருக்கு மேல் நிற்கக்கூடாது என்று விதியும் வந்தது. கோலி சதங்களில் பெரும்பகுதி இந்த வசதிக்குள் அடித்தவை. ஆனால் தொண்ணூறுகளில் முதல் 15 ஓவருக்கு வெளியே இரண்டே பேர் நின்றதும், அதை ஓப்பனர் சச்சின் நன்றாக மென்றதும் மாமாவின் கணக்கில் வருவதே இல்லை.

எனக்கு முடிவைச் சொன்னது விதியில்லை, சேஸிங். இரண்டாவதாக ஆடி சச்சின் அடித்த ஒருநாள் சதங்கள் 17. கோலி அதைவிடப் பத்துக்கும் மேல் அதிகம். இலக்கு தெரிந்துவிட்டால் அந்த ஆளுக்குள் ஒரு மளிகைக்கடைக்காரர் உட்கார்ந்துகொள்கிறார். எத்தனை ரன், எத்தனை பந்து, எந்த பவுலருக்கு இன்னும் எத்தனை ஓவர் பாக்கி என்று மனசுக்குள்ளேயே பேரேடு ஓடும். 2012 பிப்ரவரியில் ஹோபர்ட் ஆட்டத்தை நினைத்துப் பாருங்கள். இலங்கை 320 அடித்திருந்தது. தொடரில் நீடிக்க வேண்டுமானால் 40 ஓவருக்குள் அதை முடித்தாக வேண்டும். கோலி 86 பந்தில் 133 அவுட் இல்லை, 36.4 ஓவரில் ஆட்டம் முடிந்தது. மலிங்காவைப் போட்டு அடித்த அடி இருக்கிறதே! அது துணியைக் கிழித்த மாதிரி இல்லை, கடையில் மீட்டர் போட்டு அளந்து வெட்டின மாதிரி இருந்தது.

அதற்காகச் சச்சினுக்குத் துரத்த வராது என்று மாமா பையன் சொல்வது அநியாயம். 1998 ஏப்ரல் ஷார்ஜாவில் 22ஆம் தேதி 143, 24ஆம் தேதி அவர் 25ஆவது பிறந்தநாளில் 134. இரண்டுமே ஆஸ்திரேலியாவுக்கு எதிராக, இரண்டுமே இரண்டாவது பேட்டிங். மணற்புயல் அடித்த முதல் ஆட்டத்தில் தோற்றாலும் இறுதிப் போட்டிக்குத் தகுதி கிடைத்தது. இரண்டாவதில் கோப்பையே கிடைத்தது. அந்த இரவு எங்கள் சந்தில் கேபிள் இருந்த இரண்டு வீட்டு வாசலிலும் ஆள் நிற்க இடமில்லை. விடிவதற்குள் கடலுக்குப் போக வேண்டியவர்கள்கூடத் தூங்கப் போகவில்லை. அந்த ஒரு வருடத்தில் மட்டும் அவர் அடித்த ஒருநாள் சதம் ஒன்பது.

டெஸ்டில் சண்டையே இல்லை. 51க்கும் 30க்கும் நடுவில் ஒரு நல்ல பேட்ஸ்மேனின் ஆயுளே இருக்கிறது. சராசரி 53.78, எதிரே 46.85. மாமா பையனிடம் இருக்கும் ஒரே துருப்புச்சீட்டு ஆஸ்திரேலியா. அங்கே கோலிக்கு ஏழு டெஸ்ட் சதம், சச்சினுக்கு ஆறு. 2014 அடிலெய்டில் இரண்டு இன்னிங்ஸிலும் சதம் அடித்து, 364ஐத் துரத்தி 48 ரன்னில் தோற்ற ஆட்டம் எனக்கும் பிடித்தமானது. ஆனால் தென்னாப்பிரிக்காவில் சச்சினுக்கு ஐந்து, கோலிக்கு இரண்டு. இங்கிலாந்தில் நான்கு, இரண்டு. இதைவிட முக்கியம் வயது. கோலி 2019 முடியும்போதே 27 டெஸ்ட் சதம் அடித்திருந்தார். அதற்குப் பிறகு 2025 மே மாதம் ஓய்வு பெறும்வரை மூன்றே மூன்று. சச்சினோ 37 வயதைத் தொட்ட 2010இல் மட்டும் டெஸ்டில் ஏழு சதம் அடித்தார். ஒருவர் எரிந்து தீர்ந்தார், மற்றவர் கனன்றுகொண்டே இருந்தார்.

டி20யில் அடித்த அந்த ஒன்றை நான் கணக்கில் எடுப்பதே வேறு காரணத்துக்காக. அதை அப்புறம் சொல்கிறேன்.

இப்போது நம்ம ஊர். சேப்பாக்கத்தில் சச்சினுக்கு ஐந்து டெஸ்ட் சதம்: 1993இல் 165, 1998இல் வார்னேவைக் கிரீஸை விட்டு இறங்கி விளாசிய 155, 1999இல் 136, 2001இல் 126, 2008இல் 103. கோலிக்கு அங்கே 2013இல் டெஸ்டில் ஒரு 107, 2015இல் தென்னாப்பிரிக்காவோடு ஒருநாளில் ஒரு 138. அந்த 107 வந்த டெஸ்டில் சச்சினும் 81 அடித்தார், ஆனால் ஊர் நினைவில் நிற்பது தோனியின் 224தான். இந்த ஊர் அப்படித்தான்.

சச்சினின் அந்த ஐந்தில் மாமா பேச மறுப்பது ஒன்று, நிறுத்தாமல் பேசுவது ஒன்று. பேச மறுப்பது 1999 ஜனவரி 31, ஞாயிற்றுக்கிழமை. பாகிஸ்தானோடு 271 வேண்டும். முதுகுவலியோடு 136 அடித்த ஆள் அவுட்டானபோது வெற்றிக்கு வேண்டியது 17 ரன், கையில் மூன்று விக்கெட். நான்கு ரன்னில் மூன்றும் போயின. தோல்வி 12 ரன்னில். ஜெயித்த பாகிஸ்தான் அணிக்குச் சேப்பாக்கம் எழுந்து நின்று கைதட்டியதைப் பெருமையாகச் சொல்வோம். ஆனால் அன்று எங்கள் சந்தில் யாரும் தட்டவில்லை. மாமா டிவியை அணைத்துவிட்டு சட்டையை மாட்டிக்கொண்டு துறைமுகம் பக்கம் போனவர் ராத்திரிதான் வந்தார்.

பேசித் தீராதது 2008 டிசம்பர் 15. மும்பைத் தாக்குதலுக்குப் பிறகு நாடு திரும்பிய இங்கிலாந்து மறுபடி வந்து ஆடிய டெஸ்ட். இலக்கு 387. நான்காம் நாள் மாலை சேவாக் 68 பந்தில் 83 அடித்து வழி திறந்தார். கடைசி நாளில் ஒரு முனையில் யுவராஜ், மறுமுனையில் சச்சின். ஸ்வான் பந்தைத் தட்டிவிட்டு எடுத்த அந்தப் பவுண்டரியில் சதமும் வெற்றியும் ஒன்றாகவே வந்தன. திங்கட்கிழமை, எம்.சி. ரோட்டில் வியாபாரம் அரை மணி நேரம் நின்றுபோனது. புடவை கேட்டு வந்த அம்மாவும் எங்களோடு நின்று பார்த்துவிட்டுத்தான் விலை பேசினார்.

மாமா பையனிடம் இருக்கும் சேப்பாக்கக் கதை சதமே இல்லை. 2023 அக்டோபர் 8, உலகக் கோப்பை. வண்ணாரப்பேட்டையில் மெட்ரோ ஏறி அரசினர் தோட்டத்தில் இறங்கி நடந்து போனான். ஆஸ்திரேலியா வைத்த இலக்கு வெறும் 200, ஆனால் இந்தியாவுக்கு இரண்டு ரன்னுக்கு மூன்று விக்கெட். கோலி 85, ராகுல் 97 அவுட் இல்லை, வெற்றி. "இந்த 85ஐ எந்த லிஸ்ட்ல நைனா சேர்ப்ப?" என்று கேட்டான். மாமாவிடம் அப்போது பதில் இல்லை. 136 அடித்துத் தோற்ற ஆட்டம் நூறில் ஒன்றாக எண்ணப்படுகிறது, இந்த 85 எதிலுமே எண்ணப்படவில்லை. தொண்ணூறு தாண்டி நூறுக்குள் சச்சின் அவுட்டான 27 தடவையும் அப்படித்தான் காற்றில் போயின. 2007இல் மட்டும் மூன்று தடவை 99.

"உங்க ஆளு சதம் அடிச்சா தோல்விதான்" என்கிற பழைய நக்கலையும் முடித்துவிடுகிறேன். நூறு சதத்தில் இந்தியா வென்றவை 53, தோற்றவை 25, மீதி பெரும்பாலும் டிரா. தோற்றவை மனசில் ஆணி அடித்த மாதிரி நிற்பதால் வந்த கதை அது.

காத்திருப்பிலும் இருவரையும் ஒப்பிடலாம். சச்சினின் 99ஆவது சதம் 2011 மார்ச் 12 நாக்பூரில். நூறாவது 2012 மார்ச் 16, மிர்பூரில். ஒரு வருடம் நாடே கழுத்தில் உட்கார்ந்திருந்தது. கோலியின் வறட்சி இன்னும் நீளம். 2019 நவம்பரில் கொல்கத்தாவில் 70ஆவது, அப்புறம் 2022 செப்டம்பர் 8இல் துபாயில் ஆப்கானிஸ்தானோடு 122. டி20யில் அடித்த அந்த ஒன்று இதுதான். கிட்டத்தட்ட மூன்று வருடம் பூட்டிக் கிடந்த கதவுக்கு, கடைசியில் பொருந்தியது யாரும் எதிர்பார்க்காத சாவி.

மிர்பூரில் சச்சின் அடித்த அந்த நூறாவது சதம் 147 பந்தில் 114. கட்டை போட்டார் என்று அன்றே முணுமுணுத்தார்கள். வங்கதேசம் 290ஐத் துரத்தி ஜெயித்தும்விட்டது. அதே மைதானத்தில் இரண்டே நாள் கழித்து பாகிஸ்தான் 329 அடித்தது. கோலி 148 பந்தில் 183, இந்தியாவுக்கு வெற்றி. அன்று சச்சின் அடித்தது 52, அதுவே அவருடைய கடைசி ஒருநாள் ஆட்டம். ஏறக்குறைய ஒரே அளவு பந்துகள், நடுவில் 69 ரன் வித்தியாசம். காஜி கை மாறியது அந்த 48 மணி நேரத்தில்தான் என்று நான் நினைக்கிறேன். 2023 நவம்பர் 15இல் வான்கடேயில் ஐம்பதாவது அடித்துவிட்டு கோலி மேலே பார்த்துக் குனிந்து வணங்கியதெல்லாம் அதற்கான ரசீது.

2025 டிசம்பர் 3, ராய்ப்பூர். கோலி 102, நம்ம சி.எஸ்.கே. ருதுராஜ் 105. தென்னாப்பிரிக்கா 359ஐத் துரத்தி ஜெயித்துவிட்டது. மாமா பையன் வாயைத் திறக்கவில்லை. மாமாவுக்கு எத்தனை வருடக் கடன்! "இன்னாடா, உங்க ஆளும் அடிச்சித் தோத்துட்டாரா?" என்று கேட்டுவிட்டு ரொம்ப நேரம் சிரித்தார். அப்புறம் விரலை மடக்க ஆரம்பித்தார்.

"எண்பத்து நாலு. இன்னும் பதினாறா?"

"நைனா, இனிமே ஒன்டே மட்டும்தான் ஆடுறாரு."

"வயசு இன்னா?"

"முப்பத்தேழு."

"நம்ம ஆளு நூறாவது அடிச்சப்ப முப்பத்தெட்டு" என்றார் மாமா. கிரீஸ் படிந்த விரல்களை மறுபடி முதலிலிருந்து மடக்கினார். "வருசத்துக்கு எத்தினி ஒன்டே இருக்கும்?"